புற்றுநோயோடு பயணமா? காப்புறுதியை முதலில் பாருங்கள்

ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் போக, திருகோணமலையில் புற்றுநோயுள்ள அக்கா ஆயத்தமானபோது படித்த பாடம் இது. ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். மலிவான காப்புறுதிப் பத்திரமே அதற்குப் போதும்தான். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல பத்திரங்கள் ஒரு சதமும் தராது.

"விசாவுக்கு இது காணும்" என்று முகவர் சொன்னதும் எழும்பி வந்துவிடாதீர்கள். புற்றுநோய் என்று எழுத்தில் தெரிவித்து, அதனால் அங்கே ஆஸ்பத்திரியில் நிற்க நேர்ந்தால் செலவு யாருடையது என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மறைத்தால் முழுப் பத்திரமும் செல்லாமல் போகலாம். பயணம் செய்யலாம் என்று டொக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் எடுங்கள். கடைசிச் சிகிச்சைத் திகதியும் மருந்துப் பெயர்களும் அதில் இருக்கட்டும். சரி, காசு கட்டி டிக்கெட் எடுப்பது இதற்கெல்லாம் பிறகு.