எச்சரிக்கைச் சைரனைச் சோதிப்பதிலும் இயக்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஏப்ரல் 7 அன்று நள்ளிரவு நெருங்கும் வேளையில், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்த 156 எச்சரிக்கைச் சைரன்களும் புயலோ சூறாவளியோ இல்லாதபோதே அலறத் தொடங்கின. சைரன்களை இயக்கும் ரேடியோ சமிக்ஞையை வெளியார் ஒருவர் போலியாக அனுப்பியிருந்தார். ஊழியர்கள் நிறுத்த நிறுத்த அவை மறுபடி ஒலித்தன. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பின்னர், அமைப்பு முழுவதையும் செயலிழக்கச் செய்தே அந்த ஒலியை அடக்க முடிந்தது. அதற்குள் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள் குவிந்துவிட்டன.

கட்டளையை அனுப்பியது யார் என்று சைரன் சரிபார்க்காமல் இருப்பதுதான் இங்கே அடிப்படைத் தவறு. மாதந்தோறும் குறித்த நேரத்தில் மாறாத ஒரே சமிக்ஞை வானலையில் போனால், அதைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்புவது கடினமன்று. கட்டளையை வெளியார் புரிந்துகொள்ளவோ போலியாக உருவாக்கவோ முடியாதபடி மறைக்கும் குறியாக்கமும், ஒருமுறை பயன்பட்ட கட்டளை மறுமுறை செல்லாதபடி செய்யும் ஏற்பாடும் அவசியம். நிறுத்தும் கட்டளையையும் ஒவ்வொரு சோதனையிலும் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒலிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது.

கட்டுப்பாட்டு அறையில் ‘அனுப்பப்பட்டது’ என்று தெரிவதை ‘ஒலித்தது’ என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஒருவழி ரேடியோவில் சைரனிடமிருந்து பதில் எதுவும் வராது. இருவழித் தொடர்பு இருந்தால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், பேட்டரியின் மின்னழுத்தம் முதலியவை தெரியவரும். மோட்டாருக்குப் பதில் ஒலிபெருக்கியால் ஒலிக்கும் மின்னணுச் சைரன்களில் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணைச் செலுத்திப் பார்க்கும் மௌனச் சோதனையை அடிக்கடி செய்யலாம். ஆனாலும் ஒலி எவ்வளவு தூரம் தெளிவாகக் கேட்கிறது என்பதை அங்கே போய் நிற்கும் மனிதரின் காதுதான் சொல்ல முடியும் என்பதால், கேட்கும்படியான சோதனையைக் கைவிடக் கூடாது. அதே போல, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்காத சோதனை அரைகுறையானது. புயல் முதலில் பறிப்பது மின்சாரத்தைத்தான்.

நெதர்லாந்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமையும், பிரான்சில் முதல் புதன்கிழமையும் நண்பகலில் சைரன் ஒலிக்கும். மக்கள் அதைச் சோதனை என்று அறிவார்கள். இந்த ஒழுங்கு நல்லது. ஆனால் சோதனை நாளில் வானம் கருத்திருந்தால், மக்கள் அதை உண்மையான எச்சரிக்கை என்று நினைத்துக் குழம்பாதபடி தள்ளிவைக்கத் தயங்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமான தவறு, ஒலியின் மதிப்பைத் தேயவிடுவது. 2011 மே 22 அன்று மிசூரி மாநிலத்தின் ஜாப்லின் நகரைச் சூறாவளி தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடிக்கடி சைரன் கேட்டுப் பழகியிருந்த பலர், முதல் ஒலியைக் கேட்டதும் பதுங்காமல் வேறு உறுதிப்பாட்டைத் தேடினார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா தீயின்போதோ சைரன்கள் ஒலிக்கவே இல்லை. அங்கே அவற்றை மக்கள் சுனாமியோடு சேர்த்தே அறிந்திருந்ததால், ஒலித்திருந்தால் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கியே ஓடியிருப்பார்கள் என்று பொறுப்பதிகாரி விளக்கம் தந்தார். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சைரன் ஒலித்தால் வானொலியையோ தொலைபேசியையோ பார்த்து விவரம் அறிய வேண்டும் என்பதை ஒவ்வொரு சோதனையின்போதும் சொல்லிப் பழக்கியிருந்தால் அந்த அச்சத்துக்கே இடமிருந்திராது.

வெளியில் இருப்போருக்கான கருவியான சைரனை, கதவடைத்து ஏசி ஓடும் வீட்டுக்குள் உறங்குபவரையும் எழுப்பும் என்று நம்பித் திட்டமிடுவதும் தவறே. கைபேசி எச்சரிக்கையும் வானொலியும் உடன் வேண்டும்.

பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறுபவர்களின் பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. முப்பது மீட்டர் தொலைவிலேயே 120 டெசிபல் வரை ஒலி எழுப்பும் சைரன்கள் உண்டு. அருகில் இருப்பவரின் செவி நிரந்தரமாகப் பழுதடையக்கூடும். தொலைவிலிருந்து யாரும் இயக்கிவிடாதபடி அடியிலேயே மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் கழற்றி, பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்ட பிறகே அவர்கள் ஏற வேண்டும்.