பழைய மோட்டார்ஹோம்: முதலில் கூரையைப் பாருங்கள்

பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்கப் போனால் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்பே கூரையைப் பாருங்கள். என் வண்டியில் படுக்கைக்கு மேல் மூலைச் சுவரை அழுத்தினால் விரல் உள்ளே போனது. பலகையைக் கழற்றினால், மரச்சட்டம் இற்றுப்போய்த் தூளாக உதிர்ந்தது. கூரை ஜன்னலைச் சுற்றியிருந்த சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வெடித்து மழைநீர் இறங்கியிருக்கிறது. பழைய சீலன்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, இற்ற பகுதியை வெட்டிப் புதுக் கட்டை பொருத்தி, பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டுப் பட்டை) ஒட்டி ஜன்னலைத் திரும்ப மாட்டினேன். பழசின் மேலேயே பூசுவது வீண் வேலை.

அலமாரிகளுக்குள் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எங்கோ கசிகிறது. டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் அதன் வயதை அறியப் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. கேஸ் இணைப்பைத் தகுதியான மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.