நெல்லைக்கு வருகிறீர்களா? ஒரு ராத்திரியைக் கொடைக்கு ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் நெல்லையப்பர் கோயில், குற்றாலம், அல்வா, அப்புறம் சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று லீவு முழுக்க ஓடிவிடும். பிள்ளைகள் நாடகம் பார்க்கணும் என்றால் மட்டும் கையை விரிப்போம். சென்னை மாதிரி சபா சபாவாக இங்கே ஏறி இறங்க முடியாதுதான், ஆனால் நம் பக்கத்துக் கூத்தும் பாட்டும் கொடையில், அதாவது ஊர்க்கோயில் திருவிழாவில், விடிய விடிய நடக்கிறது, டிக்கெட்டும் கிடையாது.

சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் கொடை அதிகம். வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை என்பதால் ஆடி தோதாக அமையும், குற்றாலத்தில் சாரலும் இருக்கும். அம்மன் கொடை பெரும்பாலும் செவ்வாய், காவல் தெய்வம் சுடலைமாடனுக்கு வெள்ளி. இணையத்தில் தேடிப் பயனில்லை. டீக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள், "கால்நாட்டு ஆயிட்டா?" என்று. கொடைக்குக் கால் நடுவதுதான் கால்நாட்டு, அது ஆகியிருந்தால் நாள் உறுதி.

அடுத்த கேள்வி, "வில்லா, கணியானா?" வில்லுப்பாட்டு என்றால் மணி கட்டிய நீண்ட வில், குடம், உடுக்கை, புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமா போட்டுக்கொண்டே இருப்பார். குடும்பத்தோடு உட்கார இது சுலபம். எனக்குப் பிடித்தது கணியான் கூத்து. ஆடுபவர்கள் எல்லாரும் ஆண்கள். அண்ணாவி பாடுவார், பெண் வேடமிட்ட இருவர் சலங்கை கட்டி ஆடுவார்கள், பின்னால் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் (தோல் பறை). போன தடவை மெல்போர்னில் வளர்ந்த என் அக்கா மகன் பத்து மணிக்கே தூங்கி வழிந்தவன், மகுடம் அடிக்கத் தொடங்கியதும் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். கதை புரியாமல் அவன் முழித்தபோது பக்கத்து ஆச்சி, "மாடன் மலையாளத்துக்குப் போயிட்டாம்ல, இனிதான் இருக்கு கதை" என்றார். அதனால் வருவதற்கு முன்பே சுடலை கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: கைலாசத்தில் விளக்குச் சுடரில் பிறந்தது, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றது, சிவன் பூமிக்கு அனுப்பியது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு ஜமுக்காளம், கொசுவுக்கு ஏதாவது, மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு சாமக்கொடையில் சாமியாடி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குக் கிளம்புவார். பின்னாலேயே செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஊர்க்காரர்களே தள்ளித்தான் நிற்பார்கள். கிடா வெட்டு உண்டு. சில கோயில்களில் கணியான் கூத்துக் கலைஞர் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் சடங்கும் உண்டு. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கமிட்டியில் நன்கொடை கேட்பார்கள், கொடுங்கள், ஆனால் கலைஞர்களுக்கும் தனியாக அன்பளிப்பு கொடுங்கள். மைக்கில் உங்கள் பேரைச் சொல்வார்கள், கூச்சமாகத்தான் இருக்கும்.

புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வருகிறவர்களுக்குக் குலசேகரன்பட்டினம் தசரா. சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் கூட்டம் தாங்காது, சின்னப் பிள்ளைகளோடு நான் போகமாட்டேன். அதற்கு முந்தைய நாட்களில் காளி, குரங்கு, குறவன், போலீஸ் என்று வேடம் கட்டியவர்கள் மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்க வருவார்களே, அதைத் திருச்செந்தூர் வட்டாரக் கிராமங்களில் நின்று பாருங்கள். வேடம் கட்டியவரிடமே பேசலாம். எதற்காக நேர்ந்துகொண்டார் என்று அவரே சொல்வார்.

கொடை பார்த்த மறுநாளுக்கு வேறு திட்டம் எதுவும் போடாதீர்கள். விடிந்ததும் குறுக்குத்துறைக்குப் போய், ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு, வெள்ளம் இல்லையென்றால் தாமிரபரணியில் ஒரு முங்கு. மத்தியானம் மைனி (அண்ணி) கையால் தேங்காய்ப்பால் சொதி சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குங்கள். அல்வா விற்கும் இருட்டுக்கடையை எப்படியும் சாயங்காலம்தான் திறப்பார்கள்.