ஆடும் பல்லில் கை வைப்பதற்கு முன்

போன வாரம் தம்பி ஃபோன் செய்தான். "அக்கா, பாப்பாவுக்குக் கீழ்ப்பல் ஆட ஆரம்பிச்சிருச்சு. நூல் கட்டி இழுத்துடவா?" குரலில் அவ்வளவு உற்சாகம். "முதல்ல நூலைக் கீழே வை" என்றேன். என் மூத்தவளுக்கு 6 வயதில் முதல் பல் ஆடியபோது நானும் இதே உற்சாகத்தில்தான் நூலை எடுத்தேன்.

மூன்று பிள்ளைகளுக்குப் பல் விழுந்ததைப் பார்த்தவள் என்ற முறையில், ஆடும் பல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். அழுக்குக் கையோடு தொடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அவசரப்பட்டு இழுப்பது

விழுந்த பால் பல்லைக் கையில் வைத்துப் பார்த்தால் அதற்கு வேரே இல்லை என்று தோன்றும். நானும் அப்படித்தான் நம்பினேன். வேர் உண்டு, நீளமாகவே உண்டு. அடியிலிருந்து நிலைப்பல் ஏறி வர வர, அந்த வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்து முடிந்த பிறகு ஈறு மட்டும் ஒரு ஓரமாகப் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆட ஆரம்பித்த பல் அந்த நிலைக்கு வரச் சில வாரங்கள், சில சமயம் ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும்.

என் மகளின் பல் முன்னும் பின்னும் மட்டும்தான் அசைந்தது. பக்கவாட்டில் அசையவே இல்லை. அது எனக்கு உறைக்கவில்லை. சுருக்குப் போட்டு வெடுக்கென்று இழுத்தேன். பல் வந்தது, வேரின் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஈறு கிழிந்து சட்டை முழுக்க ரத்தம். நுனி தானாகக் கரைந்துவிடும் என்றார் மருத்துவர், கரைந்தும் போனது. ஆனால் அடுத்த பல் ஆடியபோது அவள் என்னிடம் சொல்லவே இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். இன்றைக்கும் யாராவது நூலும் கையுமாக நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

சரி, எப்போதுதான் எடுப்பது? நாக்கால் தள்ளினாலே பல் எல்லாப் பக்கமும் சாய வேண்டும், வலிக்கவும் கூடாது. அப்போது பிள்ளையே சுத்தமான துணியால் பல்லைப் பிடித்து மெல்லத் திருகட்டும். லேசாக இறுகினாலும் விட்டுவிடுங்கள், இன்னும் நாள் இருக்கிறது. ரத்தம் வந்தால் ஈரத்துணியை மடித்து 10 நிமிடம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

கடைவாய்ப் பால் பல்லில் இன்னும் கவனம் வேண்டும். அது விழ 10, 12 வயதுகூட ஆகும். முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும், புதுப்பல் கோணலாக முளைக்கும்.

பின்னால் இன்னொரு பல் முளைத்ததும் பதறுவது

கீழ்வரிசையில் இது சகஜம். முன்னால் உள்ள பால் பல் நன்றாக ஆடினால் காத்திருக்கலாம். அது விழுந்த பிறகு நாக்கே புதுப்பல்லை மெல்ல முன்னே தள்ளும். ஆடவே இல்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் ஆடும் பக்கம் பிரஷ் படாமல் விடுவது

ஈறு வீங்கும். மெதுவாகத் தேயுங்கள்.

அடிபட்டு ஆடும் பல்லையும் இதே கணக்கில் சேர்ப்பது

அன்றே மருத்துவரிடம் போங்கள். பால் பல் முழுதாகக் கழன்று விழுந்திருந்தால் திரும்பப் பொருத்தப் பார்க்காதீர்கள், உள்ளே வளரும் நிலைப்பல்லுக்குச் சேதமாகலாம். அடியே படாமல் 4 வயதுக்குள் பல் ஆடினாலும் காட்டியாக வேண்டும்.

விழுங்கிய பல்லுக்காக வாந்தி எடுக்கவைப்பது

வேண்டாம். அது மலத்தோடு போய்விடும். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.