இரண்டெழுத்து ‘பிடி’: குறுக்கெழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுக்கெழுத்தில் ஆளைத் தடுமாற வைப்பது நீளமான சொல் இல்லை. ஏழெட்டுக் கட்டம் ஓடுகிற சொல்லில் நாலு எழுத்து விழுந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். திணற வைப்பதெல்லாம் நாள் முழுக்க வாயில் புழங்குகிற குட்டி வினைச்சொற்கள்தான். அடி, படி, பிடி, விடு, எடு, வை என்று எதை எடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு பொருள், போதாததற்குப் பாதி இடத்தில் அது வினையே இல்லை, பெயர்ச்சொல். ‘பிடி’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, விடை தேடுகிறவர்களும் புதிர் கட்டுகிறவர்களும் எங்கெங்கே தவறுகிறார்கள் என்று சொல்லப் பார்க்கிறேன். தையில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே மாடுபிடியைப் பற்றிப் பேசும் மதுரையில் இந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு எதை எடுப்பது?

விடை தேடுகிறவர்கள் செய்கிற முதல் தவறு, குறிப்பைப் படித்தவுடனே அது வினையா பெயரா என்று மனதுக்குள் முடிவுகட்டிவிடுவது. ‘பற்று (2)’ என்று குறிப்பு இருந்தால் (அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை) ஒருவர் பாசம், ஆசை என்று போகிறார், கடைக்காரராக இருந்தால் பற்று வரவுக் கணக்கு ஞாபகத்துக்கு வருகிறது. அது ஒரு கட்டளையாக இருக்கலாம், ‘கையால் பற்று’ என்று சொல்கிறது என்பது கடைசியில்தான் தோன்றுகிறது. தமிழில் வினையின் வேர்ச்சொல்லே ஏவலாகவும் நிற்கும், அதே உருவத்தில் பெயராகவும் நிற்கும். பள்ளிக்கூடத்தில் முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்தது இதைத்தான். ‘திமிலைப் பிடி’ என்றால் ஏவல், ‘அவன் பிடி இறுகியது’ என்றால் பெயர். அதனால் இப்படி ஒரு குறிப்பைப் போடலாம்: ‘அலங்காநல்லூரில் திமிலுக்கு உண்டு, வாலுக்கு இல்லை (2)’. ஜல்லிக்கட்டில் திமிலைத்தான் பிடிக்க வேண்டும், வாலையோ கொம்பையோ பிடித்தால் செல்லாது. சுற்றுவட்டாரத்தில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விதி, ஆனாலும் வினையை மட்டுமே தேடுகிறவருக்கு இந்தக் குறிப்பு பிடிபடாது.

இதோடு நிற்கவில்லை. கத்திக்கும் அரிவாளுக்கும் பிடி உண்டு. சோற்றில் ஒரு பிடி உண்டு. கையில் வைத்து அழுத்தி விரல் தடம் பதிய விட்டால் பிடி கொழுக்கட்டை. இதற்கெல்லாம் மேலே, பெண் யானைக்குப் பிடி என்று பெயர். ஆண் யானை களிறு. வறண்ட காட்டில் கொஞ்சமாகக் கிடக்கிற தண்ணீரைப் பிடிக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் தான் குடிக்கிற களிறு சங்கப் பாட்டில் வருகிறது, அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிரியமானது. ‘களிற்றின் துணை (2)’ என்று நேராகவே கொடுத்தாலும் நிறையப் பேர் திண்டாடுவார்கள், காரணம் மனம் அந்த நேரம் ‘யானை’ என்ற இரண்டெழுத்தையே சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, நான் அடிக்கடி பார்க்கிற தவறு: குறுக்கே ஓர் எழுத்து விழுந்த தைரியத்தில் மற்றக் கட்டத்தையும் பேனாவால் நிரப்பிவிடுவது. பெரும்பாலான ஆங்கிலப் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் மூன்று எழுத்துக்குக் குறைந்த விடை வராது. தமிழில் இரண்டு கட்ட விடை சர்வசாதாரணம், ஏனென்றால் ‘பி’ ஒரு கட்டம், ‘டி’ ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் ‘டி’ விழுந்துவிட்டது என்று வையுங்கள். அதை வைத்து என்ன தெரியும்? அடி, இடி, ஒடி, கடி, குடி, கொடி, செடி, தடி, நொடி, படி, பிடி, பொடி, மடி, முடி, வடி, வெடி என்று வரிசை நீள்கிறது, இதில் பாதிக்கு மேல் வினையாகவும் வரும். உண்மையில் ‘டி’ உங்களுக்கு எதையுமே உறுதிப்படுத்தவில்லை.

இங்கே புதிர் கட்டுகிறவர் மேலும் தப்பு உண்டு. ‘அளவு (2)’ என்று ஒரு குறிப்பைப் போட்டு, முதல் கட்டத்துக்கு மேலிருந்து கீழே எந்தச் சொல்லும் வராதபடி கட்டம் போட்டால் என்ன ஆகும் பாருங்கள். அரிசியை அளக்கிற படி ஓர் அளவு. கையளவுக்குப் பிடி. நீளத்துக்கு அடி. நேரத்துக்கு நொடி. நாலும் சரியான விடை, நாலிலும் ‘டி’ இருக்கிறது! இந்த நாலில் எதை எழுதினாலும் எழுதினவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ‘அரிசியில் ஓர் அளவு’ என்று சுருக்கினாலும் படியும் பிடியும் மிஞ்சுகின்றன. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை: இரண்டெழுத்து விடை என்றால் இரண்டு கட்டத்துக்கும் குறுக்குச் சொல் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் குறிப்பு ஒரே ஒரு விடைக்குத்தான் பொருந்த வேண்டும். ‘அடி’ வேண்டுமா, ‘வைகை அணை நிரம்ப 71 வேண்டும் (2)’ என்று கேளுங்கள். தினமும் செய்தித்தாளில் நீர்மட்டம் பார்க்கிறவர்கள், 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள் என்று தெரிந்தவர்கள், யாரும் அங்கே படி என்றோ பிடி என்றோ எழுத மாட்டார்கள். ‘படி’ வேண்டுமா, பொற்றாமரைக் குளத்தில் உட்காருகிற இடத்தைக் கேளுங்கள்.

இனி புதிர் கட்டுகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய விஷயம். ‘விரும்பு (2)’ என்று குறிப்புப் போட்டு ‘பிடி’ என்று விடை வைப்பது தவறு. மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், ‘எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்’ என்கிறோமே, பிடித்தல் என்றால் விரும்புதல்தானே என்று தோன்றும். ஆனால் ‘ஜிகர்தண்டாவை விரும்பு’ என்று ஒருவரிடம் சொல்லலாம், ‘ஜிகர்தண்டாவைப் பிடி’ என்றால் அவர் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொள்வார். விரும்புகிற பொருளில் ‘பிடி’ ஏவலாக வருவதே கிடையாது. எனக்கு, உனக்கு, அவருக்கு என்று கு சேர்ந்து வந்து, பிடிக்கும், பிடிக்காது, பிடித்தது என்றுதான் நிற்கும். துருப் பிடித்தது, பேய் பிடித்தது, மழை பிடித்துக்கொண்டது, தீப்பிடித்தது எல்லாம் இதே கதைதான். யாரும் இரும்பைப் பார்த்துத் துருப் பிடி என்று கட்டளை போடுவதில்லை. ஒரு பொருள் அகராதியில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, விடை எந்த உருவத்தில் நிற்கிறதோ அந்த உருவத்தில் அந்தப் பொருள் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுதி, குறிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விடையை வைத்துப் பாருங்கள். வாக்கியம் நிற்கிறதா? நின்றால் சரி.

அதே மாதிரி ‘பற்றினான்’ என்று குறிப்பு இருந்தால் விடை ‘பிடித்தான்’, ‘பற்றுங்கள்’ என்றால் ‘பிடியுங்கள்’. காலம், இடம், மரியாதை மூன்றும் குறிப்பிலும் விடையிலும் ஒத்துப்போக வேண்டும். விடை தேடுகிறவருக்கு இது பெரிய உதவி, குறிப்பின் கடைசி எழுத்துகளைப் பார்த்தே விடை எப்படி முடியும் என்று ஊகித்துவிடலாம். எதிர்மறையும் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். ‘வைகை எக்ஸ்பிரஸைத் தவறவிடாதே (2)’ என்றாலும் ‘பிடி’தான்.

கோடிட்ட இடக் குறிப்புகளில் ஒற்று ஒன்று ஒளிந்திருந்து காட்டிக்கொடுக்கும். ‘கெட்டியாகப் ___’ என்று போட்டால் அந்த ‘ப்’பே அடுத்த சொல் ப வரிசையில் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறது. விடை தேடுகிறவர்களில் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை, ‘பிடி’யோ ‘பற்று’வோ என்று யோசிப்பதற்குப் பதிலாகக் கட்டு, இறுக்கு என்று அலைகிறார்கள். புதிர் கட்டுகிறவரோ அதை மறைக்க நினைத்து ஒற்றை எடுத்துவிட்டு ‘கெட்டியாக ___’ என்று போட்டுவிடுகிறார், அது பிழை. இரண்டும் வேண்டாம் என்றால் ஒற்று மிகாத தொடரைத் தேர்ந்தெடுக்கலாம்: ‘அடம் ___’, ‘குடை ___’, ‘காக்கா ___’. கடைசித் தொடரில் இன்னொரு கவனமும் வேண்டும். காக்கா பிடி என்றால் மேலதிகாரியிடம் குழைவது, காக்காவைப் பிடி என்றால் பறவையைப் பிடிப்பது. உருபைச் சேர்த்தவுடன் மரபுத்தொடர் செத்துப்போகிறது. ‘பிள்ளையார் ___க்கக் குரங்காய் முடிந்தது’ என்று சொல்லை நடுவில் வெட்டி வால் தொங்கவிடுவதும் எனக்கு அழகாகப் படவில்லை, விடையே ‘பிடிக்க’ என்று மூன்று எழுத்துக்கும் மேலாக வைத்துவிடலாம், அங்கே பி, டி, க், க என்று நாலு கட்டம் வரும்.

சங்கேதக் குறிப்புகளுக்கு வருவோம், இதில்தான் சுவை அதிகம். இதில் குறிப்பின் ஒரு முனையில் நேரான பொருள் இருக்கும், மறுமுனையில் எழுத்து விளையாட்டு இருக்கும். புதிதாக வருகிறவர் செய்கிற தவறு, மொத்த வாக்கியத்தையும் ஒரே கதையாகப் படிப்பது. ‘களிற்றின் துணைக்குக் காசநோய் திரும்பியது (2)’ என்று படித்தால் பாவம் யானைக்கு நோய் வந்துவிட்டது என்றுதான் தோன்றும், யானைகளுக்குக் காசநோய் வருவதும் உண்மை என்பதால் சந்தேகமே வராது. காசநோய்க்கு நாம் ஊரில் சொல்கிற பெயர் டிபி. அதைத் திருப்பிப் போடுங்கள், பிடி. முன்பாதி பொருள், பின்பாதி விளையாட்டு.

‘தம்பி டிக்கெட்டுக்குள் ஒளிந்ததைப் பற்று (2)’ என்றால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிற காட்சி கண்முன் வரும், ஆனால் விடை இரண்டு சொல்லுக்கும் நடுவில் கிடக்கிறது: தம்‘பி டி’க்கெட். சொற்களுக்கு இடையில் உள்ள இடைவெளியைச் சுவர் என்று நினைத்துக்கொள்வதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று தமிழுக்கே உரியது: ‘படியின் தலையில் விலங்கு மாட்டினால் யானை (2)’. இகரத்துக்கு எழுத்தின் மேலே வளைத்துப் போடுகிற குறிக்கு மேல்விலங்கு என்று பெயர். ‘ப’வுக்கு அதை மாட்டினால் ‘பி’. இங்கே ‘யானை’ என்று குறிப்புக் கொடுத்து ‘பிடி’ என்று விடை வாங்குவது நியாயம், ஏனென்றால் பிடி ஒரு வகை யானை. திருப்பி, ‘பிடி’ என்று குறிப்புக் கொடுத்து ‘யானை’ என்ற விடையை எதிர்பார்த்தால், ‘எடுத்துக்காட்டாக’ என்றோ ‘போன்றது’ என்றோ ஒரு வார்த்தை சேர்த்தாக வேண்டும்.

எழுத்தைப் பிரிப்பதிலும் குழப்பம் வருகிறது. சிலர் ‘பி’யைப் ப் என்றும் இ என்றும் உடைத்துக் கலைக்கப் பார்க்கிறார்கள். கட்டத்தில் ஒரே எழுத்தாக உட்காருவதை விளையாட்டிலும் ஒரே எழுத்தாகவே கையாளுவதுதான் வழக்கம், உடைப்பதாக இருந்தால் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். ஒற்றை எழுத்து வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஈ, வா, போ, தா, தை, வை. இவை தனி விடையாகக் கட்டத்தில் நிற்காது, ஆனால் மற்றச் சொற்களுக்குள் செங்கல்லாக நுழையும். ‘ஏசு, அடுத்து கரம், சித்திரையில் அழகர் இறங்குமிடம் (2)’. ஏசுவது வை, கரம் கை, வைகை. குண்டோதரனின் தாகம் தீர, சிவன் ‘வை கை’ என்று சொன்னதில் பிறந்த ஆறு என்று மதுரையில் சொல்கிற கதையே ஒரு குறுக்கெழுத்துக் குறிப்புதான்.

ஒலியை வைத்து விளையாடுகிறபோது ண, ன, ல, ள, ழ, ர, ற எல்லாவற்றிலும் கண் வேண்டும். ‘பேச்சில் பெண் யானை, கோர்ட்டில் கைது உத்தரவு (4)’ என்ற குறிப்புக்கு விடை பிடியாணை. பிடியானை என்று எழுதினால் குறுக்கே வருகிற சொல் கெட்டுப்போகும். மேலூர் ரோட்டில் உயர்நீதிமன்றக் கிளையைத் தாண்டினால் யானைமலை எதிரே வந்து நிற்கும், அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறிப்பு ஞாபகம் வரும். செய்தித்தாளில் பிடிவாரண்ட் என்றுதான் அதிகம் எழுதுகிறார்கள் என்பதால், கட்ட எண்ணிக்கையைப் பார்க்காமல் எழுதினால் ஆறு எழுத்தை நாலு கட்டத்தில் திணிக்க வேண்டிவரும். பேச்சில் எல்லாரும் ‘புடி’ என்கிறோம், அதைக் கட்டத்தில் எழுதக்கூடாது, ‘பேச்சுவழக்கில்’ என்று குறிப்பே கேட்டிருந்தால் தவிர.

கடைசியாகப் புதிர் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒரே கட்டத்தில் கைப்பிடி, பிடிவாதம், விடாப்பிடி மூன்றையும் போடாதீர்கள், ஒன்று விழுந்ததும் மற்ற இரண்டும் கேட்காமலே விழுந்துவிடும். ‘பிடி’ விடையாக இருக்கும் புதிரில் வேறு எந்தக் குறிப்பிலும் ‘பிடித்த’, ‘பிடிக்காத’ என்ற வார்த்தைகள் வராமல் பார்த்துக்கொள்வது அதைவிடச் சிரமம், ஏனென்றால் எழுதும்போது அவை நமக்குத் தெரியாமலே வந்து உட்கார்ந்துவிடும். புதிரை வெளியே விடுவதற்கு முன் குறிப்புகளை மட்டும் தனியாக ஒருமுறை வாசித்து, விடைகளில் இருக்கிற வேர்ச்சொற்கள் அங்கே தலைகாட்டுகின்றனவா என்று தேடிப் பாருங்கள்.