இறக்கத்தில் பைக்கை விட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கு

போன சனிக்கிழமை கொழும்பு வுல்பெண்டால் வீதியில் ஒரு கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய பைக் ஒன்று வந்து நின்றது. பொடியனுக்கு இருபது வயதிருக்கும். பைக்கின் மூக்கை இறக்கத்துப் பக்கம் விட்டு, சைட் ஸ்டாண்டைக் காலால் தட்டி, சாவியைக்கூட எடுக்காமல் பார்சலோடு மாடிப்படி ஏறி ஓடிவிட்டான். பைக் ஒரு விரல் அளவு முன்னுக்கு அசைந்தது. நான் கிளாஸை வைத்துவிட்டுப் போய் ஹேண்டிலைப் பிடித்தேன். நினைத்தது சரி, நியூட்ரல். அவன் இறங்கி வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். வந்தவன் என்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டான். "என்ன அண்ணே, என்ட பைக்ல உங்களுக்கு என்ன வேலை?"

கோபம் வரவில்லை. முன்பு நானும் இதையேதான் செய்தேன்.

கொழும்பு தட்டையான ஊர் என்று கண்டியில் இருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். டச்சுக்காரர் 1757இல் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயம் ஒரு மேட்டின் மேல்தான் நிற்கிறது. அதைச் சுற்றிய ஒழுங்கைகளில் பார்சல் கொடுத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். புதுக்கடை நீதிமன்றப் பக்கமும் மேடுதான். வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் சரிவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் சில்லுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில்தான் அதிகம் விழுகிறது. செங்குத்தான இடத்தில் யாரும் கவனமாகத்தான் இருப்பார்கள்.

ஸ்டாண்ட் போட மறப்பது, ஹேண்டில் லொக் போடாமல் போவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை ஒரு தடவை விழுந்தால் தானாகப் படிப்பீர்கள்.

மூக்கு கீழே, கியர் நியூட்ரலில்

உங்கள் பைக்குக்குப் பக்கத்தில் குந்தி இருந்து சைட் ஸ்டாண்டைப் பாருங்கள். மடக்கினால் அது பின்பக்கம் போய்ப் படுக்கும். திறந்தால் முன்பக்கமாகச் சுழன்று ஒரு தடுப்பில் முட்டி நிற்கும். தடுப்பு இருப்பது முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் அதைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங் ஒன்று.

இப்போது பைக் இறக்கத்தைப் பார்த்து நிற்கிறது, நியூட்ரலில். லேசாக முன்னுக்கு உருள்கிறது. ஸ்டாண்டின் பாதம் தரையைப் பிடித்தபடி அதே இடத்தில் நிற்க, பைக் மட்டும் முன்னே போகிறது. அதாவது நீங்கள் காலால் மடக்குவதை பைக்கே செய்கிறது. பாதி தூரம் போனதும் ஸ்பிரிங்கும் கட்சி மாறி மடக்கும் பக்கம் இழுக்கும். அதன் பிறகு 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக்கை நிறுத்த ஒன்றும் இல்லை.

மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் இதே பாரம் ஸ்டாண்டைத் தடுப்போடு சேர்த்து அழுத்தும். சரிவு உங்களுக்கு வேலை செய்யும்.

2022 ஆகஸ்ட், பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம். கியூஆர் கோட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றர் 450 ரூபா. மணித்தியாலக் கணக்காக வரிசையில் நின்று அந்த நாலு லீற்றரை அடித்துக்கொண்டு, ஜம்பெட்டா வீதியை ஒட்டிய ஒரு ஒழுங்கையில் இருக்கும் பெரியம்மாவுக்கு மருந்து கொடுக்கப் போனேன். ஒரு நிமிஷ வேலைதானே என்று மூக்கைக் கீழே விட்டு, நியூட்ரலில் வைத்துவிட்டுப் படியேறினேன். அந்த வரிசையில் நின்ற களைப்பில் கியர் போடும் நினைப்பே வரவில்லை, கால் மட்டும் பழக்கத்தில் ஸ்டாண்டைத் தட்டியது.

சத்தம் கேட்டு ஓடி வந்தேன். இடப்பக்கம் படுத்திருந்தது. கிளச் லிவர் பாதியில் முறிந்திருந்தது. சிக்னல் லைட் தெறித்திருந்தது. கியர் லிவர் உள்ளுக்கு வளைந்திருந்தது. பக்கத்தில் நின்ற த்ரீவீலின் மட்கார்டில் ஒரு நெளிவு. அதெல்லாம் காசு, எப்படியும் கொடுக்கலாம். டாங்க் மூடியால் பெற்றோல் வடிந்து வடிகானுக்குள் ஓடிக்கொண்டிருந்ததுதான் இன்றைக்கும் வயிற்றை எரிக்கிறது. எதிர்வீட்டுப் பொடியன் ஒருவன் தண்ணிப் போத்தலை வெட்டி ஏந்தப் பார்த்தான். பாதிக் கிளாஸ்கூடத் தேறவில்லை. மிச்சம் எவ்வளவு என்று அன்றைக்கு நான் அளந்து பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை. அடுத்த கிழமை வரை பஸ்ஸில்தான் போனேன்.

முதலாம் கியரில் போட்டிருந்தால் இஞ்சினே சில்லைப் பிடித்திருக்கும். மூன்று செக்கன் வேலை.

அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இஞ்சினை நிறுத்தி, முதலாம் கியர் போட்டு, கிளச்சை விடுங்கள். பிறகு பைக்கை இறக்கத்துப் பக்கம் மெல்ல விட்டால் கொஞ்சம் உருண்டு "டக்" என்று பிடிக்கும். அதன் பிறகு ஸ்டாண்டில் சாயுங்கள். பலர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் கியர் போடுகிறார்கள். அப்போது அந்தச் சின்ன உருளல் மிச்சம் இருக்கும், நீங்கள் திரும்பிய பிறகு அது நடக்கும்.

நியூட்ரல் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இஞ்சினை ஓடவிட்டு இறங்குகிற சோம்பலில் இருந்துதான். ஓடுகிற இஞ்சினைக் கியரில் விட முடியாது. புதிய பைக்குகளில் கியரில் வைத்து ஸ்டாண்டைப் போட்டால் இஞ்சின் தானாகவே நின்றுவிடும், அதனால் பொடியன்கள் நியூட்ரலுக்குப் போகிறார்கள். இறங்கினால் இஞ்சினை நிறுத்துங்கள்.

திருப்ப இடமில்லாத ஒடுக்கமான ஒழுங்கை என்றால் முன்சில்லைச் சரித்து நடைபாதை விளிம்பில் முட்ட வையுங்கள், கியரிலும் போடுங்கள். ஒன்று விட்டால் மற்றது பிடிக்கும்.

ஸ்கூட்டியில் கியர் இல்லை

இஞ்சின் நின்றால் ஸ்கூட்டியின் பின்சில்லு எதோடும் பிணைக்கப்படாமல் சும்மா சுற்றும். அதனால் மேலே சொன்ன கதை இதற்கு உதவாது. பிரேக் லொக் உள்ள ஸ்கூட்டி என்றால் அதைப் போடுங்கள். இல்லாதவர்கள் பழைய டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி ஹேண்டிலில் மாட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது பிரேக் லிவரை அழுத்தி அதன்மேல் வளையத்தை இழுத்துவிட்டால் சில்லு இறுகிவிடும். டயர்க் கடையில் கேட்டால் டியூப் துண்டைச் சும்மாவே தருவார்கள்.

டபுள் ஸ்டாண்ட் போட்டால் போதும் என்பது

போதாது. அதை இறக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பைக்கை முன்னே தள்ளுகிறீர்கள். இறக்கமும் அதையேதான் செய்யும்.

வரிசையில் நிறுத்தும்போது எந்தப் பக்கம் மேடு என்று பார்க்காதது

இதைப் பழைய ஆட்கள்கூடக் கவனிப்பதில்லை. பின்சில்லை நடைபாதை விளிம்பில் முட்ட வைத்து, மூக்கை வீதிப் பக்கம் நீட்டி நிறுத்துவது நல்ல பழக்கம்தான். தட்டையான வீதியில் அதைவிட வசதி இல்லை. ஆனால் வீதியே ஏற்றம் என்றால் கணக்கு மாறும்.

ஏற்றத்தில் ஏறி வந்து இடது கரையில் அப்படி நிறுத்தினால் பைக்கின் இடப்பக்கம் மேட்டில் இருக்கும். ஸ்டாண்ட் இருப்பதும் இடப்பக்கம். ஆகவே பைக் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் லொறி ஒன்று காற்றைக் கிளப்பிக்கொண்டு போனாலோ யாராவது பையால் உரசினாலோ வலப்பக்கம் சரியும். சரிந்தால் அடுத்த பைக், அதற்கடுத்த பைக். புதுக்கடையில் ஒருநாள் ஏழு பைக் வரிசையாகப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஆறு பேரும் முதலாவது பைக்காரனைத் தேடிக்கொண்டு நின்றார்கள். நல்லவேளை, என்னுடையது எட்டாவது.

அந்தக் கரையில்தான் நிறுத்த வேண்டும் என்றால் முன்சில்லை உள்ளே கொடுங்கள். ஸ்டாண்ட் பள்ளத்துப் பக்கம் வந்து பைக் அதன்மேல் நன்றாகச் சாயும். சாய்வு அளவுக்கு மிஞ்சி, தூக்கி நிமிர்த்தவே கஷ்டமாக இருந்தால், மூக்கை மேட்டுப் பக்கம் கொஞ்சம் திருப்பிச் சரித்து நிறுத்துங்கள், குறையும். எப்படி நிறுத்தினாலும் ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். வலப்பக்கம் திருப்பினால் பைக் இன்னும் நிமிரும்.

தார், மணல், டைல்

மத்தியான வெயிலில் புதுத் தாரும், மழைக்குப் பிறகு மணலும் ஸ்டாண்டை விழுங்கும். ஒரு தட்டைக் கல், ஓட்டுத் துண்டு, நசுக்கிய டின், எதையாவது அடியில் வையுங்கள். மாடிவீடுகளின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் வழியில் ஈரமான டைல் இருந்தால் அங்கே நிறுத்தவே வேண்டாம். காவலாளி முறைத்தாலும் பரவாயில்லை.

ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் ஏறி உட்கார்ந்து போன் பார்ப்பது

வேண்டாம். ஸ்டாண்ட் வளையும்.

பின் ஷொக்கை மாற்றிவிட்டு ஸ்டாண்டை மறப்பது

பைக் உயர்ந்தால் பழைய ஸ்டாண்டில் அதிகம் சாயும், தாழ்ந்தால் நிமிரும். ஷொக் மாற்றும் அன்றைக்கே கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) சொல்லி ஸ்டாண்டின் நீளத்தையும் சரி பண்ணுங்கள்.

விழுந்த பைக்கைப் பதறித் தூக்குவது

வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முதல் ஸ்டாண்டைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் தூக்குகிற வேகத்தில் மறுபக்கமும் விழும், நான் செய்திருக்கிறேன். கியரில் போடுங்கள், அப்போதுதான் தூக்கும்போது ஓடாது. குனிந்து கையால் இழுக்காமல், பைக்குக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் முட்டுக் கொடுத்து, காலால் தள்ளி எழுப்புங்கள். நிமிர்த்திய கையோடு ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பெற்றோல் மணம் போகட்டும், யாராவது பக்கத்தில் சிகரெட் பிடித்தால் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

புறப்பட முதல் கிளச், பிரேக் இரண்டு லிவரையும் அழுத்திப் பாருங்கள். லிவர் பிடிக்கும் போல்ட்டை உயிரைக் கொடுத்து இறுக்காமல், பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு விட்டால் விழும்போது முறியாமல் திரும்பிக்கொடுக்கும். இதை பாஸ் சொல்லித் தந்தது ஆகஸ்டுக்குப் பிறகு. அன்றைக்கு அவரிடம் இரண்டு கிளச் லிவர் வாங்கினேன். ஒன்றைப் பூட்டினோம், மற்றது இன்னும் சீட்டுக்குக் கீழே பொலித்தீனில் சுற்றியபடி கிடக்கிறது.