இரண்டு லினக்ஸ் கணினிகள், ஒரே இணைப்பு: நெட் எந்த இடத்தில் நின்றுபோகிறது?

முதல் கணினிக்கு வைஃபையில் இணையம் வருகிறது. அங்கிருந்து லேன் கேபிள் போட்டு இரண்டாவது கணினிக்கும் கொடுத்தாயிற்று. ஆனால் அங்கே ஒரு தளமும் திறக்கவில்லை. அமைப்புகளைக் கண்டபடி மாற்றாமல், கேபிளில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஃபயர்வால் சங்கிலிப் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில்.)

படி 1: பகிர்வு

நெட்வொர்க்மேனேஜர் (இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) உள்ள உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில், முதல் கணினியின் கேபிள் இணைப்பைத் திறந்து ஐபிவி4 பகுதியில் ‘மற்ற கணினிகளுடன் பகிர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வைஃபை இணைப்பில் அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டாவது கணினியில் ‘தானியங்கி’ போதும். பிறகு கேபிள் இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடவும்.

படி 2: முகவரி

இரண்டிலும் ‘ஐபி ஏ’ கட்டளை கொடுங்கள். முதல் கணினியின் கேபிள் வரியில் வழக்கமாக 10.42.0.1 இருக்கும், இரண்டாவதில் 10.42.0 என்று தொடங்கும் வேறொரு முகவரி. ‘நோ-கேரியர்’ என்று வந்தால் கேபிளையோ போர்ட்டையோதான் பார்க்க வேண்டும். கிகாபிட் போர்ட்டுக்குக் கிராஸ் கேபிள் (இரு கணினிகளை நேராக இணைக்கக் கம்பிகளை மாற்றிப் பின்னியது) தேவையில்லை.

கேபிள் சரி, ஆனாலும் இரண்டாவது கணினி முக்கால் நிமிடம் சுற்றிவிட்டுக் கைவிடுகிறதா? முகவரி கேட்டும் பதில் வரவில்லை. முதல் கணினியில் முகவரி வழங்குவது டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு நிரல். அது நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தனிச் சேவையாக ஓடினால் மோதும், அந்தச் சேவையை மட்டும் நிறுத்துங்கள். ஃபயர்வால் (வருவதையும் போவதையும் வடிகட்டும் காவல் மென்பொருள்) யூடிபி 67ஆம் போர்ட்டை, அதாவது முகவரிக் கோரிக்கை வரும் எண்ணை, மறித்தாலும் இதே கதைதான்.

படி 3: மூன்று பிங்

இரண்டாவது கணினியிலிருந்து 10.42.0.1, அடுத்து 8.8.8.8 (இணையத்தில் உள்ள கூகுளின் முகவரி), கடைசியாக ஏதாவதொரு தளத்தின் பெயர் என மூன்றுக்கும் பிங் கொடுங்கள் (சிறு பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை).

முதலாவது போய் இரண்டாவது போகவில்லை என்றால், முதலில் ‘ஐபி ரூட்’ பாருங்கள். ‘டிஃபால்ட் வயா 10.42.0.1’ என்ற வரி இல்லையென்றால், எப்போதோ கையால் எழுதிய பழைய கேட்வே (வெளியே போகும் வாசல் முகவரி) உட்கார்ந்திருக்கலாம், அழித்துவிடுங்கள். வரி இருந்தால் பழி முதல் கணினியின் மேல். பெரும்பாலும் ஃபயர்வால்தான். டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) நிறுவியிருந்தால், அது லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் சங்கிலியை, அதாவது கணினி வழியே கடந்து போவதற்கான விதிப் பட்டியலை, ‘டிராப்’ (மறி) என்று மாற்றிவைத்திருக்கலாம். டாக்கரை நிறுத்தினாலும் அது தானாகத் திரும்பாது. ‘டாக்கர்-யூசர்’ சங்கிலியில் கேபிளிலிருந்து வைஃபைக்கு ஓர் அனுமதி விதியும், திரும்பி வரும் பதில்களுக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். முதலாவதை மட்டும் சேர்த்தால் கேள்வி வெளியே போகும், பதில் உள்ளே வராது. உங்கள் ஃபயர்வால் யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவில் வருவது) என்றால், கேபிள் வழி உள்ளே வருவதை அனுமதித்துவிட்டு, கேபிளிலிருந்து வைஃபைக்கு ‘ரூட் அலவ்’ விதி ஒன்றும் போடுங்கள். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துச் சோதிப்பது எளிதுதான். மறுபடி போட மறந்துவிடுவோம்.

எண்ணுக்குப் போய் பெயருக்குப் போகவில்லையா? தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் சிக்கல். முதல் கணினியின் ஃபயர்வாலில் 53ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, இரண்டாவது கணினியில் பழைய டிஎன்எஸ் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றும் போயும் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) சந்தேகியுங்கள். ஈதர்நெட்டின் அளவு 1500. பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) இணைப்பில் 1492, விபிஎன் ஓடினால் அதைவிடக் குறைவு. சிறிய பிங் பாக்கெட் நுழைந்துவிடும், முழு அளவு பாக்கெட் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது கணினியின் கேபிள் இணைப்பில் எம்டியூவை 1400 ஆக்கிப் பாருங்கள். தளங்கள் திறந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.